ஸ்கிராப் சிற்பம்: ஒரு சொல் விளக்கம்

லாரியின் கமான் பட்டை (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வில் தகடு), தேய்ந்த பல்சக்கரம், அறுந்த செயின், பேரிங் முதலியவற்றைப் பற்றவைத்துப் பொது இடத்தில் நிறுத்தும் உருவமே ஸ்கிராப் சிற்பம். உருக்கி அச்சில் ஊற்றினால் அது வார்ப்புச் சிலை, இந்தக் கணக்கில் வராது. ஏற்காடு அடிவாரத்தில் இப்படி ஒரு காட்டெருமையை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். அதன் திமில் கமான் பட்டை என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். திமிலாகவும் தெரிய வேண்டும். (மலை மழைக்கு ரெட் ஆக்சைடு பூசாமல் விட்டால் எருமை துருவாகிவிடும் என்பது வேறு கதை.)

‘ஸ்கிராப்’ ஆங்கிலத்துக்கு வந்தது ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து. சுரண்டியெடுத்த துணுக்கு என்பது மூலக் கருத்து. 1942இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைத்துக் காளைத்தலை செய்தார். டெல்லியில் 2019இல் திறந்த பூங்காவில் உலக அதிசயங்கள் ஏழும் பழைய இரும்பில் நிற்கின்றன.

தமிழில் இதைக் ‘கழிவுச் சிற்பம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கழிவுநீர், கழிவறை என்று புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லில் சாக்கடை வாடை ஏறிவிட்டது. பொருளும் பொருந்தவில்லை. கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில் பழைய எஃகை மின் உலையில் இட்டுத்தான் புதிய எஃகு ஆக்குகிறார்கள். உலைக்கு மூலப்பொருளாகப் போவதைக் கழிவு என்றால் உலைக்காரர் ஒப்புவாரா?

‘காயலான் சிற்பம்’ எனலாமா? பழைய இரும்பு வணிகத்தில் இறங்கிய காயல்பட்டினத்தாரால் காயலான் கடை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சுவையான சொல்தான், ஆனால் ஓடாத வண்டியைக் ‘காயலான் கடைக்குப் போடு’ என்று ஏசியே பழகிவிட்டோம். சிற்பிக்கு அது வேண்டாம்.

பேரீச்சம்பழக்காரர் தெருத்தெருவாகக் கூவிய ‘பழைய இரும்பு’ போதும். பழைய அடியார் பழவடியார் ஆவது போலப் பழைய இரும்பு பழவிரும்பு. ஆகவே, பழவிரும்புச் சிற்பம். சிற்பத்துக்குரிய பொருள்கள் பத்து என்று எண்ணும் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு, கல்லை அடுத்து உலோகத்தைத்தான் வைக்கிறது. அது புதிதா பழையதா என்று கேட்கவில்லை.

இரும்பல்லாத பொருள்களையும் சேர்த்துப் ‘பழம்பொருள் சிற்பம்’ என்று நீட்டிவிடக் கூடாது. அருங்காட்சியகத்து நினைவு வந்துவிடும். டயரில் செய்தால் டயர்ச் சிற்பம் என்றே எழுதலாம்.