அப்டேட்டுக்குப் பின் கணினி ஏன் ஹேங் ஆகிறது?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் புறப்படும் கொப்பரை லாரிக்கு, சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். அதை எடுத்துத் தர வேண்டிய கணினி, திரையெல்லாம் தெரிந்தும் மவுஸ் நகராமல் நின்றுவிட்டால், லாரியும் கிடங்கு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மாதத்தின் இரண்டாவது வாரத்தை ஒட்டி இப்படி நடந்தால், முதலில் பாதுகாப்பு அப்டேட்டைச் சந்தேகிப்பது நியாயமே. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் விண்டோஸுக்கான இந்தத் திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்பது நமக்கு இரவு 10.30 அல்லது 11.30 ஆகிவிடுவதால், நம் அலுவலகங்களை அவை எட்டுவது பெரும்பாலும் புதன்கிழமையில்தான்.

விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது தன் முக்கியக் கோப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் என்பதால், அவற்றை அந்நேரத்தில் மாற்ற இயலாது. எனவே புதிய கோப்புகளை முதலில் ஒரு தனிக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்து, கணினி அணைந்து மீண்டும் எழும் இடைவெளியில் பழையவற்றின் இடத்தில் அமர்த்துகிறது. திரையில் சதவீதம் ஓடும் அந்த நேரத்தில் மின்சாரம் போனால் வேலை பாதியில் அறுந்துவிடும். விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும் என்றாலும், எப்போதும் அது நிறைவாக நடப்பதில்லை. மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகும் நம் எல்லையோர ஊர்களில், யுபிஎஸ் இல்லாத கணினியில் அப்டேட்டை மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்ததாக, உண்மையில் நின்றுவிட்ட கணினியையும் மெதுவாக உழைத்துக்கொண்டிருக்கும் கணினியையும் பிரித்தறிய வேண்டும். அப்டேட் முடிந்த பிறகு ஆன்டிவைரஸ் மாறிய கோப்புகளை மீண்டும் சோதிக்கும், டாட்நெட் என்ற மைக்ரோசாப்ட் தளத்தில் எழுதப்பட்ட நிரல்கள் மறுபடி தொகுக்கப்படும், தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் இது நெடுநேரம் நீடிக்கக்கூடும். கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைகிறதென்றால், இயங்குதளத்தின் அடித்தளம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, பொறுத்திருக்கலாம். திரை மட்டும் உறைந்திருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், திரையை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். விளக்கும் மாறவில்லை, டிஸ்க் விளக்கும் அசையவில்லை என்றால்தான் அது முழுமையான உறைநிலை.

அந்த உறைநிலையின் காரணங்களில் நாம் நன்கு புரிந்துகொள்ள வேண்டியது டெட்லாக் எனப்படும் முட்டுக்கட்டை. ஒரு நிரல் ஒரு வளத்தைத் தொடும்போது வேறு எவரும் குறுக்கிடாதபடி அதைப் பூட்டிக்கொள்கிறது. கிடங்குச் சாவியை வைத்திருப்பவர் எடைச்சீட்டு கைக்கு வராமல் சாவியைத் தர மறுக்க, எடைச்சீட்டை வைத்திருப்பவர் சாவி வராமல் சீட்டைத் தர மறுத்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது: இரண்டு நிரல்களும் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்கின்றன. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ஆனாலும் எதுவும் நகராது. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது இடையில் புகுந்து சோதிக்கும் ஆன்டிவைரஸ் இதில் சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம். 2019 ஏப்ரல் 9 அன்று வெளியான திருத்தத்துக்குப் பின், சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா போன்ற ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டிருந்த விண்டோஸ் 7, 8.1 கணினிகள் பல, மறுதொடக்கத்திலேயே உறைந்து நின்றன. விண்டோஸின் உட்கூறு ஒன்றில் செய்யப்பட்ட மாற்றம் தங்கள் மென்பொருளுடன் முட்டுக்கட்டைக்கு இடமளித்ததாக, மற்றோர் ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி அப்போது விளக்கியது.

ஆகவே பரிசோதனை, விண்டோஸை மிக அவசியமானவற்றோடு மட்டும் எழுப்பும் சேஃப் மோடில் தொடங்க வேண்டும். அதில் வெளி நிறுவனங்களின் ஆன்டிவைரஸும் பெரும்பாலான டிரைவர்களும் ஏற்றப்படுவதில்லை. அங்கே கணினி சீராக ஓடினால், குற்றம் வெளியிலிருந்து வந்த மென்பொருளிடம் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதி செய்யலாம். விண்டோஸ் எழாவிட்டால், அது எழும்போதே பவர் பொத்தானால் அணைத்து, தொடக்கத்தை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இடைமறித்ததும் மீட்புத் திரை வரும். அண்மைய அப்டேட்டை நீக்கும் வசதியும் அதில் உண்டு. டிஸ்க்கைக் குறியாக்கிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் பூட்டுள்ள கணினி இவ்விடத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம் என்பதால், அதை முன்னரே தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது. எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளிலிருந்து கோளாறு தொடங்கியது என்பதை விண்டோஸிலேயே உள்ள ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற கருவி நாள்வாரியாகக் காட்டும். ஊகத்தைவிட அதை நம்பலாம்.

அப்டேட்டை நீக்கிவிட்டு, இனி அது வரவே கூடாதென்று நிரந்தரமாக நிறுத்திவிடுவோர் உண்டு. அது பெரும் ஆபத்து. 2017 மார்ச்சில் வெளியான திருத்தத்தை நிறுவாத கணினிகளைத்தான் அதே ஆண்டு மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கத் தொடங்கியது. வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும், பொள்ளாச்சி நிலையத்தையும் உள்ளடக்கிய பாலக்காடு ரயில்வே கோட்டத்தின் அலுவலகமும், ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகளும் அந்த அலையில் பாதிக்கப்பட்டன. விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் அப்டேட்டை 35 நாள் வரை தள்ளிவைக்க வழி இருக்கிறது. அதற்குள் ஆன்டிவைரஸையும் டிரைவர்களையும் புதுப்பித்து, திருத்தத்தை மீண்டும் நிறுவிவிட வேண்டும்.

நீக்கிய பின்னும் உறைதல் தொடர்ந்தால், டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அப்டேட் ஏராளமாக எழுதுவதால், அதுவரை தொடப்படாமல் இருந்த பழுதான பகுதிகள் அப்போது வெளிப்படுவதுண்டு. கணினியில் நடப்பவற்றைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரோடு 7 அல்லது 153 என்ற எண் திரும்பத் திரும்ப வந்திருந்தால், பழுதுபார்க்கும் கட்டளை எதையும் ஓட்டுவதற்கு முன் கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். ஏனெனில் அந்தக் கட்டளைகளும் அதே பழுதான டிஸ்க்கைத்தான் முழுவதும் படித்து எழுதப் போகின்றன.