சாலிட் ஆக்ஸில்: ஒரே குழாயில் இரண்டு சக்கரங்கள்

அமெரிக்காவில் டொயோட்டா விற்ற பழைய ஃபோர்வீல் டிரைவ் பிக்அப்புகளை ஆர்வலர்கள் இரண்டு கூட்டமாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்: 1985 வரை வந்தவை, 1986 மாடலிலிருந்து வந்தவை. முதல் கூட்டத்தில் முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் இருக்கும். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய், அதில் வலப்பக்கம் தள்ளி டிஃபரன்ஷியல் (எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), இருபுறமும் பட்டை ஸ்பிரிங். 1986-ல் இதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷனைப் பொருத்தினார்கள். தார்ச்சாலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கலிஃபோர்னியாவின் ரூபிகன் பாதை மாதிரி பாறைகள் கிடக்கும் வழியில் போகிறவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு, பழைய ஆக்ஸிலையே தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள்.

ஏன் என்று கேட்டால், “அதுதான் வலுவானது” என்பார்கள். உண்மைதான். டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் பழைய ஆக்ஸிலில் 8 அங்குலம், பின்னால் வந்ததில் 7.5 அங்குலம். ஆனால் என்னைக் கேட்டால் முக்கியமான காரணம் வலு இல்லை, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இடம்.

ஒரு சக்கரம் மட்டும் பாறையில் ஏறும்போது ஆக்ஸில் சாய வேண்டும். அந்தச் சாய்வை ஸ்பிரிங்குகள் எதிர்க்கின்றன. எவ்வளவு எதிர்க்கும் என்பது இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சக்கரங்களுக்கு நடுவே 140 செ.மீ., ஸ்பிரிங்குகளுக்கு நடுவே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூரம் பாதி, அதனால் சாய்வை எதிர்க்கும் விசை கால் பங்கு. இண்டிபென்டன்ட் அமைப்பில் ஸ்பிரிங் எங்கே இருந்தாலும் அதன் விளைவு சக்கரத்தின் இடத்திலேயே தெரியும், எனவே இந்தச் சலுகை அங்கே கிடையாது. சுமையை ஒரே அளவு தாங்கும் இரண்டு வண்டிகளில், சாலிட் ஆக்ஸில் வண்டி சுமார் நான்கு மடங்கு எளிதாகச் சாய்ந்துகொடுக்கும். வலது சக்கரம் மேலே போனாலும் இடது சக்கரம் தரையை விடாது.

தரையை விடாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒன்று காற்றில் தொங்கிச் சும்மா சுழன்றால், பாறைமேல் இருப்பதற்கும் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. வண்டி அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. இண்டிபென்டன்ட் வண்டியைப் பெரிய டயருக்காக உயர்த்தினால் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு (வண்டியின் சட்டகத்தோடு) மேலே போகும், சக்கரம் கீழேயே நிற்கும். இடையில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து, மூட்டுகள் சீக்கிரம் உடையும். சாலிட் ஆக்ஸிலில் ஷாஃப்ட் குழாய்க்குள்ளேயே நேராக இருப்பதால், எவ்வளவு உயர்த்தினாலும் இந்தச் சிக்கல் வராது.

சரி, மாற்றுவது எப்படி? பழைய தாங்கிகளை வெட்டியெடுத்து, சேஸிஸில் ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகளைப் பற்றவைப்பது உழைப்பு கேட்கும் வேலை, ஆனால் புரியாத வேலை இல்லை. ஆக்ஸிலைத் தேர்ந்தெடுக்கும்போது டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். டொயோட்டாவுக்கு வலப்பக்கம் வேண்டும், 1978–79 ஃபோர்டு பிக்அப்பின் டானா 44 ஆக்ஸிலில் அது இடப்பக்கம் இருக்கும். முன்னும் பின்னும் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்வீல் போட்டதும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். பழைய டொயோட்டா ஆக்ஸில் சுமார் 3 அங்குலம் குறுகல் என்பதால் சக்கரத்தை வெளியே தள்ளிவைக்க, பக்கத்துக்கு ஒன்றரை அங்குல ஸ்பேசர் போடுவார்கள்.

உண்மையான சிரமம் கோணங்களில்தான் இருக்கிறது. சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இதைக் காஸ்டர் என்பார்கள். இது இருந்தால்தான் கையை விட்டாலும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான். பெரிய டயர் போட்ட வண்டிக்கு 3 முதல் 6 டிகிரி வரை வைப்பார்கள். ஆனால் வண்டி உயர்ந்ததும் எஞ்சின் பக்கமிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட்டும் அதிகச் சரிவாகிவிடும். அதைச் சமாளிக்க டிஃபரன்ஷியலின் மூக்கை, அதாவது அந்த ஷாஃப்ட் மாட்டும் முனையை, மேல்நோக்கித் திருப்ப வேண்டும். மூக்கும், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மாட்டும் பகுதியும் ஒரே குழாயில் பற்றவைத்தவை. மூக்கை மேலே திருப்பினால் காஸ்டர் குறையும், காஸ்டரைக் கூட்டினால் மூக்கு தரையைப் பார்க்கும். இதற்கு ஒரே முழுமையான தீர்வு, குழாயின் இரு முனைகளிலும் வெல்டிங்கை அறுத்து, நக்கிள் மாட்டும் பகுதியை மட்டும் சில டிகிரி திருப்பி, மறுபடி பற்றவைப்பது. இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் வராவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அப்புறம் ஸ்டீயரிங். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது, சக்கரம் ஆக்ஸிலில். இரண்டையும் இணைக்கும் கம்பி 90 செ.மீ. நீளம், 10 டிகிரி சரிவு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்ஸில் 5 செ.மீ. ஏறினால் கம்பியின் முனை பக்கவாட்டில் 7 மி.மீ.க்கு மேல் தள்ளும். நக்கிளின் கை 15 செ.மீ. என்றால் சக்கரம் கிட்டத்தட்ட 3 டிகிரி தானாகவே திரும்பும். ஓட்டுபவர் கையை அசைக்காமலேயே! அதே கம்பி படுக்கையாக இருந்திருந்தால் அரை டிகிரிதான். நக்கிளின் உச்சியில் உயரமான கையைப் பொருத்திக் கம்பியைப் படுக்கவைப்பது இதற்காகத்தான். 1986-க்குப் பிந்தைய வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸ் இடவலமாகத் தள்ளும் வகை என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நஷ்டமும் உண்டு. டிஃபரன்ஷியலின் முழு எடையும் இப்போது சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும், வேகத்தில் குலுக்கல் கூடும். குழாய் சாயும்போது சுழலும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சாய்கின்றன. சுழலும் பொருளைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். மூட்டுகளில் தேய்மானமும் காஸ்டரில் தவறும் சேர்ந்தால், இந்தத் திருப்பம் திரும்பத் திரும்ப நிகழ்ந்து ஸ்டீயரிங் முழுவதும் பயங்கரமாக உதறும். அப்படி உதறும் வண்டியை, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகவே கூடாது. ஸ்டீயரிங் டாம்பர் (உதறலை உறிஞ்சும் சிறு ஷாக் அப்சார்பர்) போட்டு அடக்குவது நோயை மறைக்கும் வேலை.

வேலை முடிந்ததும் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் முழுக்க ஏற்றி, மறு சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, டயர் பட்டை ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று கவனிக்க வேண்டும். இந்த ஆக்ஸில் முழு உருவத்தோடு மேலே வரும் என்பதால் டிஃபரன்ஷியலின் தலை எஞ்சினின் ஆயில் சம்ப்பை முட்டாதபடி ரப்பர் தடுப்பின் உயரத்தை இந்த நிலையில் வைத்தே அளந்து வெட்ட வேண்டும்.