முன்னால் அறுபது பேர், வெளியே ஒரே ஓடுபாதை

அதிகாலை ஐந்து மணி இருக்கும். சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அம்மா தன் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தார். 17.4 கிலோ காட்டியது. 15 வரைதான் அனுமதி. பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்தார். முறுக்கு டப்பா வந்தது, இரண்டு புடவை வந்தது, ஊறுகாய் பாட்டில் வந்தது. “ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டாங்கம்மா, அதை உள்ளேயே வச்சிடுங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். மறுபடி அடுக்கல், மறுபடி எடை. மொத்தம் ஆறு நிமிடம். அவர் பெட்டியை வைத்தபோது எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஜிப்பை இழுத்து மூடியபோது வரிசை தூணைச் சுற்றி வளைந்திருந்தது.

யார்மேலும் தப்பில்லை. அந்தப் பெண் வேகமாகத்தான் வேலை பார்த்தார். ஆறு நிமிடத்தில் இவ்வளவு பெரிய வால் முளைப்பதற்குக் காரணம் வேறு. அதை முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் எர்லாங். டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அழைப்புகள் எப்போது வரும், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாதபோது எத்தனை இணைப்பு வைத்தால் போதும் என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. 1909-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு என்ற துறையே கிளம்பியது.

அந்த வழியில் வந்த எளிய சூத்திரம் ஒன்றைச் செக்-இன் கவுன்ட்டருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பயணிக்குச் சராசரியாக 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 பேரை அனுப்பலாம். ஆட்கள் வருவதும், ஒவ்வொருவருக்கும் ஆகிற நேரமும் முன்னே பின்னே இருக்கும். மணிக்கு 15 பேர் வந்தால் வரிசையில் காத்திருக்கும் நேரம் சராசரியாக 2 நிமிடம். 24 பேர் வந்தால் 8 நிமிடம். 27 பேருக்கு 18 நிமிடம். சரி, இன்னும் இரண்டே பேர் கூடி 29 ஆனால்? 58 நிமிடம். இது ஆட்கள் இடைவிடாமல் அதே வேகத்தில் நெடுநேரம் வந்துகொண்டே இருந்தால் கிடைக்கும் சராசரி. காலை நெரிசல் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடுவதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கடைசி இரண்டு பேர்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள் என்ற குணம் அப்படியேதான் இருக்கும்.

ஏன் இப்படி? நேரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. நாலரை மணிக்குக் கவுன்ட்டர் சும்மா இருந்த இரண்டு நிமிடத்தை ஐந்து மணிக்கு எடுத்துச் செலவு செய்ய வழியில்லை. தாமதம் மட்டும் மிச்சமில்லாமல் பின்னால் நிற்பவர் தலையில் இறங்கும். எதிரே ஒரு கவுன்ட்டர் காலியாகக் கிடந்தால் ஆள் தண்டம் என்று நிர்வாகம் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கைக்குழந்தையோடு, முட்டி வலியோடு நிற்கிறவர்களுக்கு அந்தக் காலி இடம்தான் மூச்சு.

பல கவுன்ட்டருக்கும் சேர்த்து நாடா கட்டி ஒரே பாம்பு வரிசையாக நிறுத்துவதும் இதனால்தான். ஊறுகாய் பாட்டில் ஒரு கவுன்ட்டரை அடைத்தாலும் மற்ற ஐந்தும் வரிசையை இழுத்துக்கொண்டே இருக்கும். பார்க்க நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும். உங்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் நின்ற இடத்திலேயே கணக்கிடலாம். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த விதி அது: வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதால் வகுத்தால் போதும். முன்னால் 60 பேர், நிமிடத்துக்கு 2 பேர் போகிறார்கள் என்றால் அரை மணி. ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இனி கண்ணாடிக்கு வெளியே. அங்கே வரிசையில் நிற்பது விமானங்கள், கவுன்ட்டர் ஓடுபாதை. மும்பை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு, ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். நெரிசல் நேரத்தில் மணிக்கு 40-க்கு மேல் ஏற்றமும் இறக்கமும். அதாவது ஒன்றரை நிமிடத்துக்குள் ஒன்று. முன்னால் போன விமானம் கிளப்பிய காற்றுச் சுழல் அடங்க இடைவெளி விட வேண்டும், இறங்கியது ஓடுபாதையை விட்டு விலக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு விமானம் தரை தெரியாமல் மறுபடி மேலே ஏறினால், அது திரும்பவும் வரிசையில் சேர்ந்தாக வேண்டும். மேலே சொன்ன 29 பேர் கதைதான்.

அப்புறம், சென்னையில் வெயில் பளீரென்று அடிக்கும், கதவும் மூடியாகிவிட்டது, மும்பைக்குப் போகிற விமானம் மட்டும் நகராது. மும்பை வானில் வட்டமடித்து எரிபொருளை எரிப்பதைவிட இங்கேயே நிற்பது மேல் என்பதால், அங்கே இறங்க இடம் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, இங்கே கிளம்பும் நேரத்தைத் தருகிறார்கள். அது நியாயமான ஏற்பாடு. அதை ஒரு வாக்கியத்தில் பயணிகளிடம் சொல்லிவிட்டால் பாதி எரிச்சல் அடங்கும்.

இன்னொரு சங்கிலி விமானத்திலேயே இருக்கிறது. உள்நாட்டுச் சேவையில் ஒரே விமானம் நாளொன்றுக்கு ஐந்தாறு முறைகூடப் பறக்கிறது. இறங்கி, ஆளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, மறுபடி 180 பேரை ஏற்ற அரை மணி சொச்சம்தான். ஜனவரியில் டெல்லி மூடுபனியில் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது எட்டுக்குக் கிளம்பினால், அது மும்பை, சென்னை, கோவை என்று போகிற ஊருக்கெல்லாம் அந்த இரண்டு மணியைச் சுமந்துபோகும். இதைத் தாங்கத்தான் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்க்கிறார்கள். டெல்லி–மும்பை வானில் இரண்டு மணிக்கும் குறைவு, டிக்கெட்டில் 2 மணி 15 நிமிடம் வரை போட்டிருக்கும். பத்து இருபது நிமிடத்தை அது விழுங்கும், இரண்டு மணியை விழுங்காது. அதனால்தான் அன்றைய முதல் விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்புகிறது. அது இரவே வந்து நம் ஊரில் படுத்திருக்கும்.

சென்ற ஜனவரியில் எனக்குப் பதினொரு மணி விமானம். பலகையில் ‘சரியான நேரம்’ என்றே இருந்தது. விமானங்களைக் காட்டும் செயலியில் தேடினேன். எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் ஒன்பதே காலுக்கும் டெல்லியில் தரையில் நின்றது. அங்கிருந்து இங்கே வரவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவரின் மகளிடம் திரையைக் காட்டினேன். “அப்பா, இன்னும் நேரமிருக்காம், முதல்ல சாப்பிட்டுட்டு வந்துடலாம்” என்று நாற்காலியைத் திருப்பினார். பலகை மாறியது பத்தே முக்காலுக்கு.