டைனோசரின் பல்லுக்குள் ஒரு தெர்மாமீட்டர்

காலையில் மதில்மேல் ஏறி வெயில் காயும் ஓணானைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு சூடேறினால்தான் அதற்கு ஓட்டமும் பாய்ச்சலும். அந்தச் சூட்டை வெயிலிடமிருந்து ஓசியில் வாங்கிக்கொள்கிறது. கீழே புழு பொறுக்கும் மைனாவோ தின்ற தீனியை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. அதற்குச் செலவு அதிகம். முதலை ஒரு தடவை வயிறு முட்டத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். மைனாவால் ஒரு நாள்கூட அப்படி இருக்க முடியாது.

'குளிர் ரத்தப் பிராணி' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுவேலைதான். உச்சி வெயிலில் ஓணானின் ரத்தம் நம் ரத்தத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சூடு எவ்வளவு என்பதைவிட, எங்கிருந்து வருகிறது என்பதே விஷயம்.

டைனோசர் இதில் எந்தக் கட்சி? 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் அந்தப் பெயரை வைத்த பிறகு, வெகுகாலம் அவற்றை ராட்சதப் பல்லிகளாகவே பலரும் நினைத்தார்கள். 1964இல் புதைபடிவ ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோனிகஸ் என்ற டைனோசரைக் கண்டெடுத்தார். பின்காலில் அரிவாள் போன்ற நகம், விறைத்த நீண்ட வால், பாய்ந்து வேட்டையாடும் உடல்வாகு. வெயிலுக்குக் காத்துக் கிடக்கிற பிராணிக்கு இதெல்லாம் எதற்கு? அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர், டைனோசர்கள் எல்லாமே வெப்ப ரத்தப் பிராணிகள் என்று அடித்துப் பேச ஆரம்பித்தார். சண்டை சூடு பிடித்தது.

எதிர்த்தரப்பு எலும்பைக் காட்டியது. டைனோசர் எலும்பைக் கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வளர்ச்சி நின்றதன் தடம் அது. ஊர்வனவற்றின் வழக்கம் என்றார்கள். 2012இல் அந்த வாதம் படுத்துவிட்டது. மான், மாடு வகையைச் சேர்ந்த அசைபோடும் விலங்குகளின் எலும்பிலும் அதே வளையங்கள் இருப்பதை மைக்கே கோலர் குழுவினர் காட்டினார்கள். வளையங்களுக்கு நடுவே இருக்கிற எலும்பு வேறு கதை சொல்கிறது: ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும், அவசர அவசரமாகக் கட்டப்பட்ட எலும்பு. டைரனோசாரஸ் ரெக்ஸ் தன் விடலைப் பருவத்தில் நாளுக்கு 2 கிலோ அளவுக்கு எடை கூடியிருக்கிறது.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது பல்லை வைத்துச் செய்த வேலை. பல்லின் மேல்பூச்சான எனாமலில் கொஞ்சம் கார்பனேட் உண்டு. அதிலுள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்களில் அபூர்வமாகச் சில சற்றே கனமானவை: கார்பன்-13, ஆக்சிஜன்-18. குளிரில் இந்தக் கனத்த அணுக்கள் ஒன்றோடொன்று அதிகமாக ஜோடி சேரும். சூடு ஏற ஏற ஜோடிகள் குறையும். பல் உருவானபோது எத்தனை ஜோடி இருந்ததோ, அது அப்படியே உறைந்துவிடுகிறது. ஜோடிகளை எண்ணினால் உடல் வெப்பம் தெரிந்துவிடும். 2011இல் ராபர்ட் ஈகிள் குழுவினர் ராட்சத நீள்கழுத்து டைனோசர்களின் சுமார் 15 கோடி ஆண்டுப் பற்களை இப்படி அளந்தார்கள். பிராக்கியோசாரஸுக்கு 38.2 டிகிரி செல்சியஸ், கேமராசாரஸுக்கு 35.7. கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு!

சரி, வழக்கு முடிந்ததா? இல்லை. டம்ளர் காபி பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். அண்டா நிறைய இருக்கிற சாம்பார் மத்தியானம் வரை சுடும். உடல் பெருக்கப் பெருக்க, உள்ளே இருக்கிற கன அளவோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் தோல் பரப்பு குறைகிறது. பல டன் எடையுள்ள பிராணி தனியாக அடுப்பு எரிக்காமலே கதகதப்பாக இருக்கலாம். ஆக, அந்தப் பல் சூட்டைச் சொல்கிறதே ஒழிய, அடுப்பு எங்கே என்று சொல்லவில்லை.

இதற்குப் பதில் 2020இல் முட்டை ஓட்டிலிருந்து வந்தது. ஓடு தாயின் வயிற்றுக்குள் உருவாவதால் தாயின் வெப்பம் அதில் பதியும். ருமேனியாவில் கிடைத்த, டைட்டனோசர் என்ற நீள்கழுத்து டைனோசரின் குள்ள வகை ஒன்று இட்ட முட்டையினுடையதாகக் கருதப்படும் ஓட்டில் அதே முறையில் அளந்தபோது 36 டிகிரி வாக்கில் வந்தது. அண்டா சின்னதானாலும் சூடு குறையவில்லை.

அப்புறம் 2022இல் யாஸ்மினா வீமன் குழு புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்தது. உடல் ஆக்சிஜனை எரிக்கும்போது மிஞ்சும் கழிவு மூலக்கூறுகளை எலும்பில் தேடினார்கள். டைரனோசாரஸிலும் நீள்கழுத்து டைனோசர்களிலும் அவை ஏராளம். ஸ்டெகோசாரஸிலும் டிரைசெராடாப்ஸிலும் குறைவு. முன்னோர் மூட்டிய அடுப்பை இந்த இரண்டும் சேர்ந்த டைனோசர் கிளை அணைத்துவிட்டது என்பது அவர்களின் கணிப்பு. இவை ஓணான்போல வெயில் காய வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் அலாஸ்காவின் வடகோடியில், பிரின்ஸ் கிரீக் பாறைகளில், டிரைசெராடாப்ஸின் உறவினர்களான கொம்பு டைனோசர்களுடைய குஞ்சுகளின் பற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கின்றன. அந்தக் காலத்தில், குளிர்காலம் வந்தால் அந்த இடத்தில் ஏறக்குறைய நாலு மாதம் சூரியனே உதித்திருக்காது.