எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் கோபம் வந்தால்

ஈரோட்டில் மெஸ் நடத்துகிறவர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒரே ராத்திரியில ஸ்டாரெல்லாம் எறங்கிப்போச்சுங்க." கூகுள் மேப்பில் ஒற்றை ஸ்டார் ரிவ்யூக்கள் வரிசையாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றையும் படித்து, "இவர் நம்ம கடைக்கு வந்தவரா?" என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால் பிடிபடாது. தனியாகப் பார்த்தால் எந்தப் பதிவும் யாரோ ஒருவரின் கோபம் மாதிரிதான் தெரியும். பல ஐடிகளை அக்கம்பக்கமாக வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

வைத்துப் பார்த்தோம். பெயரைத் தொட்டால் அந்த ஐடி வேறெங்கே ரிவ்யூ போட்டிருக்கிறது என்று வரும். திட்டியவர்களில் பலர் அதே வாரம் லக்னோவில் ஒரு பல் ஆஸ்பத்திரியையும் சூரத்தில் ஒரு ஜிம்மையும் புகழ்ந்திருந்தார்கள். இப்படி ஊர் சுற்றுகிறவர் ஒருவர் இருக்கலாம், ஒரு கூட்டமே இருக்குமா? அப்புறம், மட்டன் குழம்பு ஊசிப்போயிருந்தது என்று நாலைந்து பேர். அது சைவ மெஸ்.

ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகார் கொடுத்தோம். பாதிக்கு மேல் நீக்கினார்கள். யார் காசு கொடுத்துப் போடச் சொன்னது என்பது மட்டும் இதில் தெரியாது. எதிர்க்கடைக்காரர்தான் என்று முடிவுகட்ட வேண்டாம் என்றேன். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை.

சேர்ந்து பதிவிடுவதே தப்பா? இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு, "மாலை 6 மணிக்கு எல்லாரும் இந்த ஹேஷ்டேக் போடுங்க" என்று குரூப்பில் சொன்னால் அது போராட்டம். சொந்தப் பெயரில் பேசுகிறார்கள். ஒரே ஆள் ஐம்பது தறிக்காரராக வேஷம் போட்டால் அது மோசடி. கூட்டமாக வேஷம் போடும் கணக்குகளை ஏன் நீக்குகிறோம் என்று 2018இல் ஃபேஸ்புக் சொன்ன விளக்கமும் இதுதான்: பதிவின் உள்ளடக்கத்தைவிட, தாங்கள் யார் என்பதில் ஏமாற்றுகிறார்களா என்பதே கேள்வி.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, திருப்பூரே பதறியது. ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். மகன் பனியன் கம்பெனியில் இருக்க, ஊரில் அதை ஃபார்வர்டு செய்த அம்மாவைச் சதிக்கும்பல் என்று சொல்ல மாட்டேன். பொய்யைக் கிளப்பியவர் வேறு, பயந்து அனுப்பியவர் வேறு. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தக் குறியுள்ள செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், 2020இல் வந்த கட்டுப்பாடு அது.