ஈஸ்டர் முட்டை இல்லைங்க, கரந்துறை

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையனோட உக்காந்து ஃப்யூச்சராமா பத்தின ஒரு தமிழ் வீடியோ பாத்துட்டு இருந்தேன், அந்தக் கார்ட்டூன்ல ஒளிஞ்சிருக்கற சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டுறாங்க. நல்ல உழைப்பு. ஆனா அஞ்சு நிமிஷத்துல "இந்த ஈஸ்டர் முட்டையைக் கவனிச்சீங்களா"ன்னு ஏழு தடவை. பையனுக்கு ஒம்பது வயசு, பெங்களூர் ஃப்ரேசர் டவுன் பேக்கரியில புனித வாரத்துல அடுக்கி வச்சிருக்கற கலர் முட்டை மிட்டாயை வருஷா வருஷம் தின்னு வளந்தவன், டிவி கிட்டப் போய் நின்னு "முட்டை எங்க மாமா?"ங்கறான். அவன் கேட்டது நியாயம்தானே. அங்க இருந்தது விண்கலத்து மேல எழுதின ஒரு நம்பர்.

படத்துலயும் கேம்லயும் வேணும்னே ஒளிச்சு வைக்கற இந்த மாதிரி விஷயத்துக்கு இங்கிலீஷ்ல 'ஈஸ்டர் எக்'னு பேர், அந்தச் சொல் வந்த கதை சின்னது. 1980-ல வந்த அட்வெஞ்சர் வீடியோ கேம்ல, ப்ரோக்ராம் எழுதினவங்க பேரைப் போட அட்டாரி கம்பெனி விடாததால, வாரன் ராபினெட் தன் பேரை ஒரு ரகசிய அறைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டார். ஒரு பையன் கண்டுபிடிச்சு லெட்டர் போட்டான். அட்டாரியில இருந்த ஸ்டீவ் ரைட், இது ஈஸ்டர் அன்னிக்கு தோட்டத்துல முட்டையை ஒளிச்சு வச்சு குழந்தைகளைத் தேட விடற மாதிரி இருக்குன்னு அந்தப் பேரை வச்சார். அவங்க ஊர் விளையாட்டு, அவங்களுக்குப் பொருந்துது. நம்ம பக்கத்துல ஈஸ்டர்ங்கற உயிர்ப்பு ஞாயிறுன்னா ராத்திரிப் பூசையும் மறுநாள் சாப்பாடும்தான் ஞாபகம் வரும், முட்டை தேடுறது எத்தனை வீட்ல உண்டு? தேடுற வழக்கமே தெரியாதவங்க கிட்ட முட்டைன்னா, சொல்ல வந்த விஷயமே போயிடுது, ஓடு மட்டும் கையில நிக்குது.

இன்னொரு கோஷ்டி 'மறைபொருள்'னு எழுதுது. எனக்கு இதுதான் இன்னும் பெரிய வருத்தம், ஏன்னா கேக்க நல்ல தமிழா இருக்கு, அதனால யாரும் எதிர்த்துப் பேச மாட்டேங்கறாங்க. மறைபொருள்னா பாட்டுக்குள்ள, வேதத்துக்குள்ள இருக்கற உள்ளர்த்தம். அது புரியலைன்னா பாட்டே புரியலைன்னு அர்த்தம். இது அப்படியா? அந்த விண்கலத்து நம்பர் பி.பி.-1729. நிறைய பேர் பாத்திருக்கவே மாட்டாங்க, கதைக்கு ஒரு குறையும் வரலை. பாத்தவனுக்கு மட்டும் கும்பகோணத்துல வளந்த கணித மேதை ராமானுஜன் தெரிவார், லண்டன்ல ஆஸ்பத்திரியில படுத்திருந்தவரைப் பாக்க இங்கிலீஷ் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியோட நம்பர் அது, ரெண்டு கன எண்களோட கூட்டலா ரெண்டு விதமா எழுத முடியற மிகச்சின்ன எண்னு படுக்கையிலிருந்தே சொன்னாரே (1, 12-ஓட கனங்களைக் கூட்டினாலும் 9, 10-ஓட கனங்களைக் கூட்டினாலும் அதே 1729). அமெரிக்கக் கார்ட்டூன்காரன் நம்மாளை ஒளிச்சு வச்சிருக்கான், நாம அதை முட்டைங்கறோம்! 'புதையல்'னும் சிலர் சொல்றாங்க, புதையல்ங்கறது நீ தேடணும்னு யாரும் வச்சதில்ல, அதுவும் சரியில்ல.

சரியான சொல் நம்ம கிட்ட எப்பவோ இருக்கு. தண்டியலங்காரம்ங்கற பழைய அணி இலக்கண நூல், எழுத்தை வச்சு வித்தை காட்டற சித்திரகவி வகைகளை அடுக்கும்போது 'கரந்துறைச் செய்யுள்'னு ஒண்ணு சொல்லுது. ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டோட எழுத்தெல்லாம் ஒளிஞ்சிருக்கும், வெளியில தெரியற பாட்டு தன்னளவுல முழுசா நிக்கும், தேடுறவனுக்கு உள்பாட்டு கிடைக்கும். இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்? கரத்தல்னா ஒளித்தல், உறைதல்னா தங்கறது. கஷ்டமான சொல்லுங்கறவங்க "காக்கை கரவா கரைந்துண்ணும்" குறளை ஸ்கூல்ல படிச்சவங்கதான், அதே கரத்தல்தான் இது.

அப்புறம் இன்னொரு குழப்பம். பழைய படத்து சீனை வெளிப்படையா நையாண்டி பண்றதையும் முட்டை லிஸ்ட்லயே சேத்துடறாங்க. அது ரெஃபரன்ஸ், சுட்டுன்னு சொல்லிக்கலாம், நீ பாக்கணும்னே முன்னாடி கொண்டு வந்து வைக்கறது. சிம்ப்சன்ஸ் கார்ட்டூனோட பழைய டைட்டில்ல கடைக்காரி சாமானோட சேத்து மேகி பாப்பாவையும் ஸ்கேன் பண்ணும்போது மெஷின்ல ஒரு நொடி 847.63-ன்னு வரும் பாருங்க, அது கரந்துறை. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டா ஒளிச்சு வச்சவன் பட்ட பாட்டுக்கு மரியாதையே இல்லை. சப்டைட்டில் எழுதறவங்களும் வீடியோ பண்றவங்களும் டிக்‌ஷ்னரியில முதல்ல கிடைச்சதை ஒட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, இது தமிழ் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு என்னவா கேக்கும்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாக்கலாம்.

பன்மை வேணும்னா கரந்துறைகள். வினைக்கு 'கரந்து வச்சிருக்காங்க' போதும், பையன் கிட்ட அப்படித்தான் சொன்னேன், உடனே ரிமோட்டை வாங்கி மொதல்லேந்து ஓட்ட ஆரம்பிச்சுட்டான்.