பஸ்: தாய்ப்பலகையின் 'பாட்டை'

சாலையில் ஓடும் பஸ்ஸும் கணினியின் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) இருக்கும் பஸ்ஸும் ஒரே வேர்ச்சொல்லில் இருந்து வந்தவை. லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் யாரும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் அது முழுசாகவே இருக்கிறது. பல இணைப்புகளுக்குப் பொதுவாக மின்சாரம் கொண்டுபோகும் செப்புப் பட்டையை மின்பொறியாளர்கள் 'பஸ்பார்' என்றார்கள். கணினியில், பல உறுப்புகள் பொதுவில் பயன்படுத்தும் கம்பித் தொகுதி பஸ் ஆனது.

இதைப் 'பேருந்து' என்று எழுதுவது அபத்தம். கலைச்சொல் அகராதிகள் தரும் 'பாட்டை' சரியான சொல்: ராஜபாட்டையில் உள்ள அதே பாட்டை, பொதுவழி. டேட்டா பஸ் 'தரவுப் பாட்டை'. அதற்குள் ஓடும் லேன் (வலையமைப்பைக் குறிக்கும் 'லேன்' அல்ல, சாலையில் வண்டி ஓடும் வரிசை போன்றது) 'தடம்'.

பொதுவழி என்பதற்கு விலை உண்டு. தாய்ப்பலகையில் அட்டைகளைச் செருகப் பயன்பட்ட பழைய 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ பாட்டை நொடிக்கு 133 மெகாபைட்தான் தரும், அதுவும் எல்லா அட்டைகளுக்கும் சேர்த்து. ஜிகாபிட் வலையமைப்புக்கு ஒரு திசைக்கே 125 மெகாபைட் வேண்டும். வன்தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும் அதே பிசிஐயில் இருந்தால், கோப்பு வட்டிலிருந்து நினைவகத்துக்கு வர ஒரு முறை, வலையமைப்புக்குப் போக இன்னொரு முறை என்று இரண்டு தடவை அதே வழியில் போகும். வேகம் பாதிக்கும் கீழே விழும். இன்டெல் 2003-இல் 875பி சில்லுத் தொகுதியில் (சிப்செட்) ஜிகாபிட் சில்லுக்கென்றே 266 மெகாபைட் தனிவழி போட்டது இதனால்தான்.

அதன்பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ், கறாராகச் சொன்னால் பஸ்ஸே அல்ல. ஒவ்வொரு அட்டைக்கும் தனித் தடங்கள். ஒரு தடத்தில், ஒரு திசையில் 2.0 தலைமுறை நொடிக்கு 500 மெகாபைட், 3.0 சுமார் 985, 4.0 சுமார் 1970 மெகாபைட் தரும். 10 ஜிகாபிட் வலையமைப்புக்கு 1250 மெகாபைட் தேவை. 3.0-இல் ஒரே தடத்தில் செருகினால் நெறிமுறைச் சுமை (தரவோடு கூடவே போகும் கட்டுப்பாட்டுத் தகவல்) போக 7 ஜிகாபிட்டை ஒட்டித்தான் கிடைக்கும்.

பலர் ஏமாறும் இடம் வேறு. இரண்டு 10 ஜிகாபிட் துறைகள் (போர்ட்) கொண்ட இன்டெல் எக்ஸ்520 போன்ற அட்டை 2.0 தலைமுறை, 8 தடங்கள். அதை 4.0 தலைமுறை, 4 தடச் செருகுவாயில் போட்டால், 'புதிய பலகை, இரண்டு மடங்குக்கு இரண்டு மடங்கு வேகம்' என்று கணக்குப் போடக் கூடாது. அட்டைக்குத் தெரிந்தது 2.0 மட்டுமே, கிடைப்பது 2000 மெகாபைட், இரண்டு துறைகளும் முழுவேகத்தில் ஓடப் போதாது. செருகுவாயின் நீளத்தையும் நம்பாதீர்கள். 16 தட நீளம் இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஒரு பகுதிக்கு மட்டும் உலோகத் தொடுமுனைகள் தெரியும். எம்.2 வட்டு (பலகையிலேயே செருகும் சிறு எஸ்எஸ்டி) செருகினால் அணைந்துவிடும் செருகுவாய்களும் உண்டு. பலகையின் கையேட்டில் தடப் பகிர்வு அட்டவணையைப் பாருங்கள்.

'எல்லோருக்கும்' என்ற பழைய குணம் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சில்லுத் தொகுதிக்கும் செயலிக்கும் நடுவே ஓடும் இணைப்பு இன்றும் பொதுவழிதான். இன்டெல்லின் டிஎம்ஐ 3.0-இல் அது ஒரு திசைக்குச் சுமார் 3.9 ஜிகாபைட். சில்லுத் தொகுதியோடு இணைந்த சாட்டா வட்டுகள், யுஎஸ்பி, எம்.2, வலையமைப்பு அட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. வலையமைப்பிலிருந்து 1.25 ஜிகாபைட் உள்ளே வரும்போதே எம்.2 வட்டிலிருந்து 3.5 ஜிகாபைட் வாசித்தால் இரண்டும் ஒரே திசை, மொத்தம் 4.75, நெரிசல். வலையமைப்பில் வருவதை அதே வட்டில் எழுதினால் திசைகள் வேறு, சிக்கல் இல்லை.

லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை நிர்வாகி உரிமையுடன், விரிவான வெளியீடு கேட்டு ஓட்டினால் இணைப்பின் தகுதியும் தற்போதைய நிலையும் அடுத்தடுத்து வரும். நிலைக்குப் பக்கத்தில் 'டவுன்கிரேடட்' என்று இருந்தால் தடமோ வேகமோ குறைந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது மின்சேமிப்புக்காகவும் வேகம் இறங்கலாம். எனவே வலையமைப்பு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். குறைவு உறுதியானால் அட்டையைச் செயலியோடு நேரடியாக இணைந்த செருகுவாய்க்கு மாற்றுங்கள். தடங்களைப் பிரித்துக்கொடுக்கும் பலகைகளில் அப்போது கிராபிக்ஸ் அட்டை 16-இலிருந்து 8 தடத்துக்கு இறங்கும். பெரும்பாலான வேலைகளில் அது தெரியவே தெரியாது.